ஒரு இஞ்சுக் காக்காவும் லாத்தாவின் முழங்காலும்

கார் வாங்கத் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்கத் தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கிய காரை ஒரே ஒரு இஞ்சு தாழ்த்துவதற்காக ஒரு வருஷத்துக்கு மேல் தானும் தூங்காமல், பக்கத்து வீட்டுக்காரனையும் தூங்கவிடாமல் செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அடியேன்.

நான் மண்டபத்தில் வேலை பார்த்தபோது நடந்தது இது. அவர் சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். ஊர் வைத்த பெயர் 'ஒரு இஞ்சுக் காக்கா'. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அக்காவை லாத்தா என்பார்கள். அவர் மனைவி எங்கள் எல்லோருக்கும் லாத்தா.

காக்கா பாதி ஆயுசை வளைகுடாவில் ஓர் அரபி வீட்டு டிரைவராகக் கழித்தவர். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் உயரமான வண்டி அவர் கையில். முதலாளி மகனின் ஸ்போர்ட்ஸ் காரையோ கழுவ மட்டும்தான் அனுமதி.

"ஏறி உக்கார்ற வண்டி ஓட்டி ஓட்டிச் சலிச்சுப் போச்சு தம்பி. எறங்கி உக்கார்ற வண்டி ஒன்னு வாங்கணும்னு அன்னைக்கே மனசுக்குள்ள நிய்யத்து வச்சுட்டேன்" என்பார்.

வாங்கியும் விட்டார். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டி அலுத்த மஞ்சள் கார்; இரண்டு கதவு, இரண்டே சீட். ஊரே வாயைப் பிளந்தது. காக்காவுக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. சக்கரத்துக்கும் மேல்வளைவுக்கும் நடுவே விரல்களை நுழைத்துக் காட்டினார்.

"நாலு வெரல் போகுது பாருங்க. கணுக்கால் தண்ணிக்குப் பயந்து கைலியத் தூக்கிக் கட்டுனவன் மாதிரில்ல நிக்குது? ஒரு இஞ்சு எறக்கிட்டா மாப்பிள்ளை மாதிரி இருக்கும்."

இறக்கிவிட்டுப் போகவேண்டியதுதானே என்கிறீர்களா? குறுக்கே நின்றது லாத்தாவின் முழங்கால். அரபு நாட்டிலிருந்து போன் பேசிய காலமெல்லாம் காக்கா ஒரே வாக்கைத்தான் சொல்லிவந்தார்: ஒருநாள் சொந்தக் காரில், தானே ஓட்டி, லாத்தாவைப் பாலம் தாண்டி, தீவின் கோடியில் நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போவதாக. கார் வந்து சேர்வதற்குள் முழங்கால் வலி முந்திக்கொண்டது. லாத்தா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நானா உக்காந்து நானா எந்திரிக்கணும். நாலு பேரு தூக்கிவிடுற வண்டியில நான் வரமாட்டேன். அதுக்கு இன்னும் காலம் இருக்கு."

உள்ள உயரத்துக்கே இந்தப் பேச்சு. இதில் மனிதர் இன்னும் தாழ்த்தவேண்டும் என்கிறார்! அந்தப் பக்கத்து சீட் காலியாகவே கிடந்தது. லாத்தா உட்காரும்வரை அழுக்காகக்கூடாதென்று காக்கா அதற்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

மதுரை மெக்கானிக்கோடு தினம் போனில் பஞ்சாயத்து. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவே கேட்கும்.

"பாய், ஒன்றரை இஞ்சாவது எறக்குனாத்தான் லுக்கு வரும்."

"தம்பி, எனக்கு லுக்கும் வேணும், பொஞ்சாதியும் வேணும்."

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம் என்றார் மெக்கானிக். குலுக்கலைத் தாங்கும் பழைய ஷாக் அப்சார்பரோடு புது ஸ்பிரிங் ஒத்துப்போகாது, பாம்பன் பாலத்து இணைப்புகளில் வண்டி கபடி ஆடும் என்று தள்ளிவிட்டார் காக்கா. திருகித் திருகி உயரத்தை மாற்றும் செட் உண்டு என்றார் மெக்கானிக். அதற்கும் காக்கா மசியவில்லை. "இந்த உப்புக்காத்துல எங்க வீட்டு ஜன்னல் கொக்கியே திரும்ப மாட்டேங்குது, இது திரும்புமாக்கும்!" பொத்தானை அமுக்கினால் காற்றடைத்து ஏறி இறங்கும் செட் ஒன்று இருக்கிறதே என்று நானே வாயைக் கொடுத்தேன். காக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காத்த நம்பிப் பாய்மரத்துல போயி எங்க பாட்டன் ரெண்டு கப்பலத் தொலைச்சாரு தம்பி. நான் காரையும் தொலைக்கணுமா?"

மிச்சமிருந்தது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்ந்தே வரும் செட். சரியாக ஒரு இஞ்சு இறக்கும். மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ஒரு இஞ்சை லாத்தாவின் முழங்கால் தாங்குமா? சோதித்துப் பார்க்க அவர் செய்த காரியத்தை எந்தக் கார் கம்பெனியும் செய்திருக்காது. லாத்தா தினமும் உட்காரும் மர நாற்காலியின் கால்களை, அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு இஞ்சு அறுத்துவிட்டார்!

நாலு காலும் ஒன்றுபோல வந்தால்தானே? லாத்தா வந்து உட்கார்ந்ததும் நாற்காலி ஒருபக்கம் சாய, "அல்லாவே!" என்ற அலறல் என் வீட்டு அடுப்படி வரை கேட்டது.

"காரை அறுக்கத் துப்பில்லாம நாற்காலிய அறுத்து வச்சிருக்கிய! மனுசரா நீங்க?"

அப்புறம் ஒரு வாரம் காக்காவுக்கு வீட்டில் சோறு உண்டு, பேச்சு இல்லை. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

படகுக்காரக் குடும்பத்துப் பழக்கம் ஒன்று அவரை விடவில்லை. அவர் வாப்பா வல்லத்தைக் கரையேற்றியதுபோல, இவரும் காரை வீட்டோரத்து மணலில்தான் ஏற்றி நிறுத்துவார். அங்கேயே தினம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். மணல் சும்மா இருக்குமா? ஒருநாள் சாயங்காலம் கிளப்பியபோது சக்கரங்கள் சுழன்றனவே தவிர வண்டி நகரவில்லை. இன்னும் மிதிக்க, இன்னும் புதைந்தது. நானும் மீன் ஏலத்திலிருந்து வந்த நாலு பேரும் தள்ள நின்றோம். காக்காவும் தள்ளினால்தான் அசையும் போலிருந்தது. ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? எனக்குச் சைக்கிளே சந்தேகம்.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க அங்கிட்டு" என்று வந்தார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். "ம், புடிச்சிட்டேன். தள்ளுங்க."

ஒருவரும் தள்ளவில்லை. காக்கா மணலில் மண்டிபோட்டு, கதவின் அடிக்கும் மணலுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்தான் போனது. ஒரு இஞ்சென்ன, மூன்று இஞ்சு இறங்கியிருந்தது வண்டி.

"புள்ளே, கால் வலிச்சுச்சா?" என்றார் அங்கிருந்தே.

"வலி என்னைக்கு இல்ல? நானாத்தானே உக்காந்தேன்? மொதல்ல தள்ளுங்கங்கறேன்!"

தள்ளினோம். கார் குலுங்கித் தார் ரோட்டுக்கு வந்தது. காக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். லாத்தா காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, ஒரு முனகலோடு தானே எழுந்து நின்றார். நாங்கள் கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமென்ன. காக்கா நீட்டிய கையை அவர் தொடவே இல்லை. காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், பக்கத்து சீட்டின் உறையைக் கிழித்து எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு இஞ்சு என்னமோ எறக்கிக்கங்க, வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி, பொழுது சாயறதுக்குள்ள, அரிச்சல்முனைக்கு விடுங்க. எத்தனை வருசம் போனுலயே கூட்டிப் போவிய?"

அந்த மஞ்சள் கார் பாலத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை நான் தெருவிலேயே நின்றிருந்தேன். இன்றைக்கும் எந்த ஊரிலாவது தாழ்வான கார் ஒன்று போனால், எல்லோரும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்து சீட்டைப் பார்க்கிறேன்.