பதினெட்டுக் கட்டத்தில் தேறிய பூனைக்குட்டி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நீதான் என்பது கடிதத்தின் நடுவில் உனக்கே தெரியவரும். நீ நலமா? வேலை கிடைத்து வெளியூர் போன என் மருமகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன மாதம் நீ போனில், "அவரும் போய்ச் சேந்துட்டார், பொண்ணும் கெளம்பிப் போயிட்டா. வீட்ல பேச்சுத்துணைக்கு ஆளே இல்லண்ணா. ஒரு பூனைக்குட்டியாவது இருந்தாத் தேவலை. ஆரோக்கியமா, பாசமா ஒண்ணு பாத்து அனுப்பேன்" என்றாய். சின்ன வயதில் பூனையைக் கண்டால் மேசைமேல் ஏறி நின்று ஊரைக் கூட்டியவள் பூனை கேட்கிறாளே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வயதானால் பிடித்தம் மாறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டேன். மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவனிடம் ஒன்றைப் பார்த்து அனுப்பச் சொன்னால் அவன் சும்மா பார்த்து அனுப்பிவிடுவானா?

எங்கள் தெருமுனைத் தையல்கடையில், வெட்டுத்துணி போடும் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சாம்பல் பூனை ஐந்து குட்டி போட்டு ஒன்பது வாரமாகிறது. தையல்காரர், "அஞ்சுல எது வேணாலும் தூக்கிட்டுப் போங்க சார், எனக்குத் துணி வெட்ட எடம் கெடச்சாப் போதும்" என்றார். அப்படியெல்லாம் தூக்கிவிட முடியுமா? பதினெட்டுக் கட்டம் போட்ட நோட்டை விரித்தேன். கண்ணில் பீளை, காதுக்குள் கறுப்பு அழுக்கு, மூக்கு ஒழுகல், ஈறு வெளிறல், பூச்சி வயிறு, முடியைப் பிரித்தால் ஓடும் தெள்ளு, நடையில் நொண்டல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு குட்டி தையல் இயந்திரத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. அதன் நடையைப் பார்க்க நானும் புகுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் மிதிக்க ஆரம்பித்தார். முழங்கால் கதை அதுதான். அப்புறம் காது கேட்கிறதா என்று பார்க்கப் பெரிய கத்தரிக்கோலைத் தரையில் போட்டேன். ஐந்தும் திரும்பிப் பார்த்தன, நல்ல காது. ஆனால் தோள் அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரும் துள்ளிவிட்டார். அந்த அளவில் தைத்த சட்டை அவருக்குச் சேரவில்லை என்று இப்போது என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அது கச்சிதமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

முதல் குட்டிக்குக் கண்ணில் பீளை, இரண்டாவதுக்கு ஓயாத தும்மல். இரண்டையும் டாக்டரிடம் காட்டச் சொல்லித் தையல்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. நான்காவது என்னைப் பார்த்ததும் சீறியது. வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. (அண்ணியிடம் இந்த வரியைக் காட்டாதே.) ஐந்தாவதுதான் ஆரஞ்சும் வெள்ளையுமான பெண்குட்டி. பதினேழு கட்டத்திலும் முழு மதிப்பெண். கூப்பிடாமலே வந்து என் உள்ளங்கையில் தலையை முட்டியது. சரி, கடைசிக் கட்டம் என்று பழைய பழக்கத்தில் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டேன். உள்ளே கொறகொறவென்று ஒரு சத்தம்! இந்தச் சத்தத்தோடு ஒரு மோட்டார்கூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. கீழே விட்டேன், நின்றது. தூக்கினேன், மறுபடி ஓடியது. விட்டுவிட்டு வரும் கோளாறு, அதுதான் இருப்பதிலேயே மோசம். கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, 'உள்ளே ஏதோ உரசுகிறது, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

தையல்காரர் சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசியெல்லாம் சிதறிவிட்டது. "சார், அது ரிப்பேர் இல்ல சார். அதுக்கு உங்களப் புடிச்சிருக்கு. சந்தோஷத்துல கொறகொறங்குது" என்றார். வாய் வார்த்தையை நம்பி நான் எதையும் தேறவிட்டதில்லை. மிருக டாக்டரிடம் தூக்கிப் போனேன். அந்தப் பெண் டாக்டர் அதன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இது போடுற சத்தத்துல இதயத்துடிப்பே கேக்கல. கொஞ்சம் எட்டிப் போங்க சார், நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் இது நிறுத்தாது" என்றாள். நான் வாசலுக்குப் போய் நின்றேன். தங்கச்சி, முப்பத்தோரு வருடத்தில் எந்த மின்விசிறியும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. வாசலில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தேன் என்றால் நம்புவாயா? குட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, பூச்சிமருந்து கொடுத்து, தடுப்பூசியும் போட்டாள். நான் நிராகரிப்பை அடித்து, திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புமுன் நான்கு நாள் வீட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும் அல்லவா? "பூனை உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள் உன் அண்ணி. முதல் நாள் திரைச்சீலை கிழிந்தது, இரண்டாம் நாள் என் கண்ணாடி உடைந்தது. மூன்றாம் நாள் அண்ணி மீனை முள் நீக்கி யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இல்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வரும் தையல்காரரின் மைத்துனர் கையில் இந்தக் கடிதத்தோடு குட்டியையும் கூடையில் வைத்து அனுப்புகிறேன். மணல் தட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே. இரண்டாவது தடுப்பூசித் தேதி கூடையில் ஒட்டியிருக்கிறது. கொறகொறத்தால் பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடாதே. இனி உனக்குத் துணைக்குக் குறைவில்லை. உன் வீட்டில் எப்போதும் கலகலப்பு இருக்கட்டும், உனக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உன் அண்ணியும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தரப் பரிசோதகர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மைத்துனர் கடிதத்தை மட்டும்தான் தருவார், அவரிடம் கூடையைத் தேடாதே. உறையில் போடுமுன் உன் அண்ணி வாங்கிப் படித்தாள். சீறல் வரியைக்கூடத் தாண்டிவிட்டு, மறுபடி மேலே போய் நீ மேசைமேல் ஏறிய வரியில் விரலை வைத்தாள். "பூனைன்னாலே அவளுக்கு ஆகாதே. பூனையாவது இருந்தாத் தேவலைன்னு சொன்னா, அவ பூனையையா கேட்டா? நம்மளக் கூப்பிட்டிருக்கா. வாங்கன்னு வாய்விட்டுச் சொல்ல கூச்சம். நீங்க ஒரு மாசமா பூனைக் காதுல அழுக்குப் பாத்துட்டு இருந்திருக்கீங்க" என்றாள். பதினெட்டுக் கட்டம் போட்டேன், நீ சொன்னதைக் காதோரம் வைத்துக் கேட்க ஒரு கட்டம் போடவில்லை. வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை ரயிலில் இருவரும் வருகிறோம். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. பூனையும் வருகிறது, அண்ணி அதை மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்கிறாள். எங்களைப் பார்த்ததும் நீ மேசைமேல் ஏறிக்கொள்ளலாம், தப்பில்லை. முதலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏறு.