ஜீப்பை எங்கே ஒளிப்பது?

மாப்பிள்ளை வீட்டார் லண்டனின் வடக்கே கிங்ஸ்பரியிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள் என்று போன் வந்தபோது, தெற்கே சட்டனில் யோகராஜாவின் ஜீப் வாசலிலேயே செத்துக் கிடந்தது.

சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினார். இந்த முறை அதுவும் இல்லை.

"என்னப்பா, இன்னும் எடுக்கேல்லையே?" மனைவி கமலாம்பிகை பட்டுச்சேலைக் கொய்யக மடிப்பைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"பற்றரி இறங்கிப்போச்சு."

"நேற்றே சொன்னன், அடுத்த றோட்டில கொண்டுபோய் விடுங்கோ எண்டு. கேட்டியளே? பிள்ளையைக் குளிப்பாட்டிற மாதிரித் துடைச்சுக்கொண்டு நிண்டியள்."

யோகராஜா இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தார். கதவுகளையெல்லாம் அகலத் திறந்து வைத்து ஜீப்புக்குள் தூசி உறிஞ்சியவர் அவர்தான். உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்ததைக் கவனிக்காமல் விட்டவரும் அவர்தான்.

யோகராஜா சிரிக்காத மனிதர். கலியாண வீட்டுப் படங்களில்கூடச் செத்த வீட்டுக்கு வந்தவரைப் போலத்தான் நிற்பார். அப்படிப்பட்டவர் இந்த ஜீப்பை வாங்கிய பிறகு இரண்டு தடவை சிரித்துவிட்டார் என்று கமலாம்பிகை மகளிடம் சொல்லியிருந்தாள். கவலையோடுதான் சொன்னாள்.

எல்லாம் முழங்காலால் வந்த வினை. பழைய சின்னக் காருக்குள் குனிந்து இருக்கவும் எழும்பவும் அது மறுத்துவிட்டது. உயரமான வாகனம் வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று இராஜேந்திரனிடம் சொன்னார். இராஜேந்திரன் லண்டன் தமிழருக்கு வீட்டுக்கடன் எடுத்துக் கொடுப்பார். இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பார். மண்டபம் பிடிப்பார், சாதகம் பொருத்திக் கலியாணமும் பேசுவார். அவருக்கு ஒரு வாகனம் தேடுவது பெரிய வேலையா?

"ஒரு வெள்ளைக்காரக் கிழவன்ர ஜீப் அண்ணை. நாலு சில்லும் இழுக்கும். பெற்றோல் எஞ்சின், லண்டனுக்குள்ள ஓடப் புகைக்காசு கட்டத் தேவையில்லை. மழையில நிண்டதால கொஞ்சம் வாடிப்போச்சு, அவ்வளவுதான்."

வாடியிருந்தது உண்மைதான். ஜன்னல் ரப்பரில் பாசி படர்ந்திருந்தது. பின்னிருக்கைக்கு அடியில் காளான் முளைத்திருந்தது. பிரேக் எல்லாம் துருவேறிச் சில்லோடு ஒட்டிக் கிடந்தன. யோகராஜா வேலை முடிந்து வந்ததும் நிலத்தில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிடுவார். பிரேக் மாற்றினார், பெல்ட் மாற்றினார், ஒழுகிய குழாய்களை மாற்றினார். இருக்கைகளைக் கழற்றி வந்து ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தார். வீடு முழுக்க ஈர நாயின் மணம். கமலாம்பிகை காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள்.

கடைசியில் ஜீப் வருடாந்த எம்.ஓ.ரி. வாகனச் சோதனையில் பாஸ் பண்ணியது. அன்றுதான் முதலாவது சிரிப்பு. அதில் முதல்நாள் வேலைக்குப் போய் வந்தபோது இரண்டாவது. அதன்பிறகு தினமும் விடியற்காலையில் அதில் ஏறித்தான் மிச்சம் என்ற ஊரிலுள்ள பெற்றோல் ஸ்ரேசனுக்கு வேலைக்குப் போனார். இத்தனை வருடமாக அங்கே காசு வாங்கிப் போடுகிறார். வருகிறவர்கள் பெற்றோல் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் கையால் எழும்பியது, அவர் கையால் முடிந்தது என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒன்று இருந்தது. அது ஓடியது.

ஆனால் கலியாணப் பேச்சு என்பது வேறு விஷயம். மகள் தனுஷியாவுக்குப் போன வருடம் லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் பேசிய சம்பந்தம் குழம்பிப்போனது. காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. யோகராஜாவைப் பெற்றோல் ஸ்ரேசன் உடுப்போடு மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி கண்டுவிட்டாள் என்று சுற்றிச் சுற்றித் தகவல் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதுவும் லண்டன் ஊர். அன்றிலிருந்து யோகராஜா மகளின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. தன்னால்தான் அவள் வாழ்வு தட்டிப்போகிறது என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது தனுஷியா வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு ஜீப் பிரச்சினை இல்லை அப்பா," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா லக்‌ஷனை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள்.

அன்று வரவிருந்த மாப்பிள்ளைதான் அவன். அந்த நேரம் பார்த்து, சம்பந்தம் பேசிய இராஜேந்திரன் போனில் வந்தார்.

"அண்ணை, ஜீப் வாசலிலேயோ நிக்குது?"

"ஓம். ஸ்ரார்ட் வருதில்லை."

"ஐயோ! என்ன செய்வியளோ தெரியாது. அவையின்ர கண்ணில மட்டும் பட விடாதேங்கோ. இந்தக் கலியாணம் நடக்கவேணும் எண்டால் அவையள் அதைக் காணக்கூடாது."

யோகராஜா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். றொமேஷ் அரைக்காற்சட்டையோடு வந்தான்.

"என்ர கரண்ட் கார் அண்ணை. அதில வயர் கொழுவ ஏலாது. ஆனா ஸ்ரார்ட் பண்ணுற பெட்டி ஒண்டு கிடக்கு, கொண்டுவாறன்."

பெட்டியைக் கொண்டுவந்து பற்றரியில் கொழுவினான். எஞ்சின் அசையவில்லை. அலாரம் அலறியது. ஜீப்புக்கு அலாரம் இருப்பது அந்த நிமிடம் வரை யோகராஜாவுக்கே தெரியாது. பல வருடம் வாய் பேசாமல் கிடந்ததெல்லாம் சேர்த்துக் கத்தியது. தெருவிலுள்ள ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"பியூஸைப் பிடுங்குங்கோ!" என்று றொமேஷ் கத்தினான்.

எந்தப் பியூஸ் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். அலாரம் நின்றது. இனி ஜீப்பில் எதுவுமே வேலை செய்யாது என்பதும் உறுதியானது.

"மூடுங்கோ!" என்றாள் கமலாம்பிகை. "எதையாவது போட்டு மூடுங்கோ!"

நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல ஆயிற்று. முன்பு வாசலில் ஒரு பழைய ஜீப் நின்றது. இப்போது வாசலில் ஒரு மர்மம் நின்றது. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா தெருவைக் கடந்து வந்து, பொலிஸ் வந்து மூடிவிட்டுப் போனதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். யோகராஜா இல்லையென்று சொன்ன விதத்தில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இது சரிவராது அண்ணை," என்றான் றொமேஷ். "கியரை நியூற்றலில போடுங்கோ. தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சந்துக்குள்ள விடுவம்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தார்ப்பாயின் முன்பக்கத்தை மட்டும் உயர்த்திவிட்டு யோகராஜா ஸ்ரியரிங்கில் இருந்தார். றொமேஷும் தனுஷியாவும் தள்ளினார்கள். கமலாம்பிகை பட்டுச்சேலையோடு பக்கத்தில் நடந்துகொண்டே அறிவுரை சொன்னாள். சந்துக்குள் திரும்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்தச் சந்து கொஞ்சம் பள்ளம் என்பதை அன்றுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

ஜீப் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

எஞ்சின் ஓடாத வாகனத்தில் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்ரியரிங்கும் இலகுவில் திரும்பாது. யோகராஜா நல்ல முழங்காலையும் கெட்ட முழங்காலையும் சேர்த்து மிதித்தார். ஜீப் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சந்து வளையும் இடத்தில் அது வளையாமல் நேரே போய் ஒரு மரவேலியைச் சாய்த்துக்கொண்டு நின்றது. யோகராஜா மெதுவாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எதிரே கண்ணாடிக் கதவு. அதற்கு உள்ளே தன்னுடைய சோபா, தன்னுடைய சாமிப்படம். இடித்தது தன் வீட்டு வேலியைத்தான்.

கமலாம்பிகை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவளுக்கு அழுகை முட்டியது.

"வாசலில நிண்டது. இப்ப வீட்டுக்குள்ளயே பாத்துக்கொண்டு நிக்குது."

வீதியில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள்.

றொமேஷ் வேலி வழியாக மறைந்தான். கமலாம்பிகை வீட்டுக்குள் ஓடிக் கண்ணாடிக் கதவின் திரைச்சீலையை இழுத்து மூடி, பட்டப்பகலில் விளக்குகளைப் போட்டாள்.

மாப்பிள்ளை லக்‌ஷனோடு தகப்பன் வாமதேவனும் தாய் தவமலரும் வந்திருந்தார்கள். வாமதேவன் அதிகம் பேசாத மனிதர். தவமலர் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். கூட வந்த இராஜேந்திரன் மூடியிருந்த திரையைப் பார்த்தார். திரைக்கு அடியில் தெரிந்த நீலத் தார்ப்பாய் நுனியையும் பார்த்தார். பிறகு இடம் நிறைய இருந்தும், திரைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அதை மறைத்தபடி இருந்தார். அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

தேநீர் வந்தது. தனுஷியாவும் லக்‌ஷனும் ஒருவரையொருவர் பார்க்காதமாதிரிப் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியில நல்ல வெயில். ஏன் மூடி வைச்சிருக்கிறியள்?" என்று தவமலர் கேட்டாள்.

"அது... இவருக்கு வெளிச்சம் ஒத்துவராது," என்றாள் கமலாம்பிகை. "கண்ணில கொஞ்சம் வருத்தம்."

யோகராஜா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

தவமலர் கையில் எடுத்த பயத்தம் பணியாரத்தைத் தட்டில் வைத்தாள். "கண் வருத்தமோ? தகப்பனுக்கும் இருந்ததோ?"

"இல்லையில்லை, பரம்பரை இல்லை!" கமலாம்பிகை பதறினாள். "இவருக்கு மட்டும்தான். அதுவும் திடீரெண்டு வந்தது."

"திடீரெண்டு வாறதெண்டால் இன்னும் கவனமா இருக்கவேணுமே. அப்ப எப்பிடி வாகனம் ஓடுறார்?"

"ஓடுறதில்லை. எங்களிட்ட வாகனமே இல்லை."

"இதைப்பற்றித் தம்பி ஒண்டும் சொல்லேல்லையே," என்று தவமலர் இராஜேந்திரனைப் பார்த்தாள். இராஜேந்திரன் தேநீருக்குள் பார்த்தார். தவமலர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போன தடவையும் இப்படித்தான். பார்க்கிங்காரரும் முதலில் கைப்பையைத்தான் எடுத்தார்கள். தனுஷியாவின் முகம் வாடுவதை யோகராஜா கண்டார்.

அவர் எழுந்தார்.

"எனக்குக் கண்ணில ஒரு வருத்தமும் இல்லை," என்றார். "பொய் சொல்லிக் கலியாணம் செய்யவேண்டாம்."

"அண்ணை, வேண்டாம்!" இராஜேந்திரன் கதிரையோடு பின்னுக்குச் சரிந்து திரையைப் பிடித்தார். "திறக்காதேங்கோ அண்ணை! சொன்னால் கேளுங்கோ!"

யோகராஜா அவரைக் கதிரையோடு நகர்த்திவிட்டுத் திரையை ஒரே இழுப்பில் இழுத்தார்.

வெயில் பாய்ந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜீப் வீட்டைப் பார்த்தபடி நின்றது. தலையில் ஒரு வேலித்துண்டு, ஒரு பக்கக் கண்ணாடியில் தொங்கும் நீலத் தார்ப்பாய்.

"இது என்ர ஜீப். ஆரோ தேவையில்லை எண்டு எறிஞ்சதை மலிவா வாங்கினன். காளான் முளைச்சுக் கிடந்தது. நானே திருத்தினன். இதிலதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன். வேலை பெற்றோல் ஸ்ரேசனில. இதெல்லாம் குறை எண்டால் என்ர குறை." அவர் மகளை நேராகப் பார்த்தார். "என்ர பிள்ளையில ஒரு குறையும் இல்லை. என்னால அவளை விட்டிடாதேங்கோ."

தனுஷியா அழுதுவிட்டாள். லக்‌ஷன் எழுந்தான், இருந்தான், மறுபடியும் எழுந்தான். இராஜேந்திரன் வாசற்கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

வாமதேவன் மெதுவாக எழுந்து கண்ணாடியருகே போனார். அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓடுதோ?" என்று கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாள் தவறாமல்."

வாமதேவனின் கண்கள் கலங்கியிருந்தன. தன் நிலைக்கு இரங்குகிறார் என்று நினைத்து யோகராஜா நிலத்தைப் பார்த்தார்.

தவமலர் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஜீப்பை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, பொம்பிளை வீட்டுக்காரர் கண்டால் மானம் போயிடும், இராஜேந்திரனிட்டக் குடுத்து வித்துத் துலையுங்கோ எண்டு நான் கலைச்ச உங்கட சனியன், எங்களுக்கு முதலே சம்பந்தி வீட்டுக்கு வந்து நிக்குது!"