மீன் சுருள் விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் ஆபீசில் கட்டுக் கட்டியே காலத்தை ஓட்டிவிட்டு, இப்போது வீட்டில் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருக்கும் உங்கள் சம்பந்தி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே மூவரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்பதையும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமா என்பதையும் தனித்தனியாக எழுதவும். போன தடவை ‘இருவரும் நலம்’ என்று எழுதிவிட்டு மறுநாளே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுநடுவே சிரிப்பீர்கள், நான் சொல்ல வந்ததைக் கோட்டைவிட்டுவிடுவேன். ஆகையால் கடிதம். தையல் மெஷினை விட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுக்கப் படிக்கவும். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் பெருமைப்பட வேண்டிய இடத்தில் அவள் என் மருமகள்; குறைப்பட வேண்டிய இடம் வந்தால் உங்கள் மகள். அதேபோல் என் பையன் ஏதாவது உருப்படியாகச் செய்தால் என் பையன், சொதப்பினால் உங்கள் மாப்பிள்ளை. நீங்களும் அந்தப் பக்கம் இதே மாதிரிதான் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் என் மருமகளுக்கு மாலை ஷிப்ட் முழுவதற்கும் பொறுப்பாளர் பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அவள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனபோது கொடுக்கப் போனேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் யாரோ அலறுவது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவளோ அசையவில்லை. கதவு திறந்தபோது ஒரு வரி மட்டும் என் காதில் விழுந்தது. “மூச்சு இருக்கா பாருங்க. பதறாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்.” நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். இவள் நம் வீட்டுப் பெண் என்று பக்கத்தில் நின்ற காவலாளியிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அப்பேர்ப்பட்டவள் பத்து நாளைக்கு முன்னால் சாப்பிடும்போது சர்வ சாதாரணமாக, “வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் மாமா” என்கிறாள். ஏனம்மா என்று கேட்டால், “சாயங்காலம் நான் இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் என்ன சாப்பிடுவீங்க?” என்கிறாள். என் வீட்டுக்காரி போன பிறகு இந்தச் சமையலறையை யாரும் இவள் கையில் ஒப்படைக்கவில்லை, அது தானாக இவள் தலையில் விழுந்தது. ஊரில் எந்தத் தெருவில் எந்த வண்டி நிற்கிறது என்று விரல்நுனியில் வைத்திருக்கிறவள், இரண்டு தடிப்பயல்களின் வயிற்றுக்காக வீட்டில் உட்காருவதா? “நாங்க பார்த்துக்கறோம்மா” என்று சொல்லிவிட்டேன். என் பையனும் வாயில் கவளத்தோடு தலையாட்டினான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து, “சரி, ஒரு பரீட்சை வைக்கிறேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது, வேலைநாளாக இருக்க வேண்டும். அவள் களைத்து வந்து உட்காரும்போது தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். நடுவில் அவளைக் கேட்கக் கூடாது. என்ன சமையல் என்பதையும் அவளே சொல்வாள். சோறும் ரசமும் என்று சொல்வாள், சமாளித்துவிடலாம் என்று பார்த்தால், சீனப் பாணியில் மீனை வதக்கி மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தர வேண்டுமாம். அவள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம், அவசரத்துக்கு அரை மணியில் செய்துவிடலாமாம். பார்த்தீர்களா, இது உங்கள் மகள்.

புதன்கிழமை சாயங்காலம் மீன் வாங்க நான் போனேன். மீன்கடை அம்மா, “எதுக்கு சார் மீன்?” என்று கேட்டார். “சுருட்டுறதுக்கு” என்றேன். “மீனையா?” என்றார். ரொட்டிக்குள் வைத்து, சீனாக்காரர்கள் பாணியில் என்று விளக்கினேன். “அவங்க ஊர் மீனுக்கும் முள்ளு இருக்கும்ல. இருங்க, எடுத்துத் தர்றேன்” என்று முள் நீக்கி, விரல் நீளத்துக்குத் துண்டும் போட்டுக் கொடுத்தார். அன்றைய சமையலில் சரியாக நடந்த வேலை அது ஒன்றுதான், அது கடையிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் என் பையனும் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வந்துவிட்டான். போனில் ஒரு சமையல் வீடியோவை ஓடவிட்டு ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தான். அந்த வீடியோக்காரர் பேசுகிற வேகத்துக்கு நாம் மூச்சுகூட விட முடியாது. அவருக்கு மட்டும் எல்லாமே நறுக்கி, அரைத்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் தயாராக இருந்தது. அவர் வீட்டிலும் ஒரு மருமகள் இருக்கிறாள் போலிருக்கிறது.

மீனில் சோயா சாஸ், துருவிய இஞ்சி, நசுக்கிய பூண்டு, மிளகுத் தூள், கொஞ்சம் சோள மாவு போட்டுப் பிசிறச் சொன்னவர் உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாவம், வேகத்தில் மறந்துவிட்டார் என்று நானே தாராளமாகப் போட்டேன். பிறகு பாட்டில் மூடியில் ஒட்டியிருந்த சாஸை உங்கள் மாப்பிள்ளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுவே உப்புதான்ப்பா” என்றான். சரி, கழுவிவிடலாம் என்று குழாயைத் திறந்தேன். உப்பு போனதோ இல்லையோ, இஞ்சியும் பூண்டும் மாவும் மொத்தமாகப் போய்த் தொட்டியின் வாயில் அடைத்துக்கொண்டன, தண்ணீர் நிறைந்து தரையில் வழிந்தது, நான் துணியைப் போட்டு மிதித்துக்கொண்டே மறுபடியும் இஞ்சி துருவ, அவன் மறுபடியும் பூண்டு நசுக்க, வீடியோக்காரரோ அந்தப் பக்கம் சுருளைத் தட்டில் அடுக்கி, “எவ்வளவு சுலபம் பாருங்கள்” என்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மட்டும் நேரில் கிடைத்திருந்தால் அவரை அப்படியே சாக்குப்பையில் போட்டுக் கட்டி, அனுப்புநர் முகவரி இல்லாமல் அனுப்பியிருப்பேன்.

இதற்குள் வெங்காயம் நறுக்க வேண்டியிருந்தது. உங்கள் மாப்பிள்ளைக்கு வெங்காயம் என்றால் கண்ணில் அருவி. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். யோசனை நல்ல யோசனைதான், அதுவரைக்கும் என் பையன்தான். ஆனால் அதைக் கழற்றாமலே அடுப்பு முன்னால் நின்றான். எண்ணெய் காய்ந்ததும் கழுவின மீனை ஈரத்தோடு போட்டான். மழை பெய்கிற மாதிரி எண்ணெய் தெறித்தது. அவன் பின்னால் குதித்தான், குதித்த வேகத்தில் முழங்கை பட்டுப் போன் சரிந்து, நறுக்கி வைத்த முட்டைக்கோசுக்குள் விழுந்தது. வீடியோக்காரர் அங்கிருந்தே பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியாமலே கரண்டியைப் போட்டுக் கிண்டினான், கிண்டக் கிண்ட மீன் துண்டெல்லாம் உதிர்ந்து தூளாகிவிட்டது, புகை வேறு. நான் என் போனை எடுத்து, விதியெல்லாம் மறந்து, உங்கள் மகளைக் கூப்பிட்டேன். அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

“ஒரே புகையா இருக்கும்மா” என்றேன்.

“சரி, பதறாதீங்க. யாருக்காவது அடிபட்டிருக்கா?”

“இல்ல.”

“முதல்ல அடுப்பை அணைங்க. அணைச்சாச்சா? ஜன்னலைத் திறங்க. இப்ப எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க.”

“உதிர்ந்துபோச்சும்மா.”

“எது உதிர்ந்துபோச்சு?”

“மீனு.”

“மாமாவா? இது பரீட்சை மாமா. நான் வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். அத்தனை நேரமும் பழக்க தோஷத்தில் யாரோ முன்பின் தெரியாதவருக்குப் பதில் சொல்வதாக நினைத்திருக்கிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் படபடப்பு நின்றுவிட்டது. ராத்திரியில் தனியாகத் தவிக்கிற எத்தனை பேருக்கு இப்படி நின்றிருக்கும் என்று அந்தப் புகைக்குள்ளேயே நினைத்துக்கொண்டேன்.

உதிர்ந்த மீனில் முட்டைக்கோசு, கேரட், வெங்காயத்தாள் எல்லாம் போட்டுப் புரட்டியாயிற்று. இனி சுருட்ட வேண்டும். இங்கேதான் என் கைவரிசை. நீங்கள் தையல்காரர், மடிப்பின் அருமை தெரிந்தவர், ஆகவே விவரமாகச் சொல்கிறேன். வீடியோக்காரர் சும்மா பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி இரண்டு முனையையும் திறந்தே விட்டிருந்தார். இதை எந்தப் பார்சல் ஆபீசிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். நான் உள்கட்டுக்கு லெட்யூஸ் என்கிற சாலட் இலை ஒன்று, வெளிக்கட்டுக்குக் கடையில் வாங்கிய ரொட்டி என்று வைத்து, நான்கு பக்கமும் மடித்து, கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டி, தோசைக்கல்லில் காட்டி இறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டுக் கட்டினேன். சாஸைத் தொட்டு ஒவ்வொன்றிலும் ‘இப்பக்கம் மேலே’ என்று எழுதினேன். எங்கள் ஆபீசில் கட்டி முடித்ததை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்போம். ஒன்றைத் தட்டின் மேல் போட்டுப் பார்த்தேன். சுருளுக்கு ஒரு கீறல் இல்லை. தட்டுதான் ஓரத்தில் உடைந்தது.

அவள் வந்தாள். கை கழுவிவிட்டு, சீருடையோடே உட்கார்ந்தாள். தட்டில் சாப்பாடு இருந்தது. அவள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதை எப்படி மாமா பிரிக்கறது?” என்றாள். பல்லால் ஆகவில்லை, நகத்தால் ஆகவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள். உள்ளே அடைபட்டிருந்த சாஸ் பீறிட்டுச் சீருடைச் சட்டையில் நெஞ்சுவரை பாய்ந்தது. பதவி போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை அந்தக் கண்ணாடியை இன்னும் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் சட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சாப்பிட்டாள். இரண்டாவதையும் வெட்டிச் சாப்பிட்டாள். “உப்பு கொஞ்சம் கூட. கட்டு ரொம்பவே கூட” என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, “இன்னொண்ணு இருக்கா?” என்றாள். நான் வெட்டிக் கொடுத்தேன். இந்த வீட்டில் அவள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, சூடு ஆறாமல் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான் சம்பந்தி.

ஆனால் பரீட்சையில் தேறினோமா இல்லையா என்று இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது. மாதக் கடைசியோ நெருங்குகிறது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நான் சொன்னால் ‘மாமா வீம்புக்குச் சொல்கிறார்’ என்று நினைப்பாள். நீங்கள் பெற்றவர். நீங்கள் அவளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம், அந்த நாற்காலி அவளுக்காகவே போட்டது, போய் உட்கார வேண்டும் என்று. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கே தோன்றியது மாதிரி சொல்லவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், மாடிப்படி ஏற வேண்டாம் என்றும் சொல்லவும். வீட்டில் எல்லோரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கை முழுக்கப் பூண்டு வாசனையோடு
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவள் வந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை, உளறிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, “நீங்க அன்னிக்கு ‘நாங்க பார்த்துக்கறோம்’னு சொன்னீங்கள்ல மாமா, மறுநாளே சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டேனே. அப்பாகிட்டகூடச் சொல்லிட்டேன்” என்கிறாள். அப்படியானால் பரீட்சை எதற்கம்மா என்று கேட்டேன். “மீன் சாப்பிடணும்போல இருந்துச்சு” என்றாள். எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள், நல்ல சம்பந்தி நீங்கள். ஆகையால் மேலே கேட்ட உதவி எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த மாதம் ஏதாவது ஒரு வேலைநாள் சாயங்காலம் இருவரும் வாருங்கள். அவள் வீட்டில் இருக்க மாட்டாள், வேலையில் இருப்பாள். நாங்கள் இருப்போம், சாப்பாடு இருக்கும்.