லாண்டரி ரூமில் மெல்போர்ன்

"பாட வேண்டாம் தம்பி. ஒன், டூ, த்ரீ மட்டும் சொல்லுங்க. மைக் வேலை செய்யுதான்னு தெரிஞ்சாப் போதும்," என்றார் தமிழ்ச் சங்கத் தலைவர் வாஞ்சிநாதன்.

ரஞ்சித்குமார் சொன்னான். ஐந்நூறு காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருந்தன. மனசு கேட்காமல், 'த்ரீ'யில் மட்டும் சின்னதாக ஒரு சங்கதி போட்டான்.

"சங்கதி எல்லாம் வேண்டாம் தம்பி," என்று கடைசி வரிசையிலிருந்து அவர் குரல் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இதே சான் ரமோன் பள்ளி அரங்கில், இதே மேடையில், அவன் இரண்டரை மணி நேரம் பாடியிருக்கிறான். அன்றைக்கு ஒரு நாற்காலி காலியில்லை. 'ஆஸ்திரேலியாவின் இன்னிசைக் குரல்' என்று போஸ்டர் அடித்திருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள். இதே வாஞ்சிநாதன் அவனோடு செல்பி எடுக்க வரிசையில் நின்றார்.

அப்போது அவன் மெல்போர்னில் இருந்தான். வாரநாளில் இன்சூரன்ஸ் ஆபீஸ், ஞாயிறு காலையில் சமூக வானொலியில் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி, அவ்வப்போது கல்யாண மேடை. மெல்போர்ன்காரர்கள் அவனைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அவர்களுக்குப் பாடகர் என்றால் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்க வேண்டும். ஆகவே சான் ரமோனில் விழுந்த கைதட்டலை ரஞ்சித் அப்படியே நம்பிவிட்டான். மனைவி தென்றலுக்கு அவள் கம்பெனி சான் ரமோன் ஆபீசுக்கு மாற்றல் தந்தபோது, அவளைவிட அவன்தான் குதித்தான். வானொலியில் கடைசி நிகழ்ச்சியை அழுதுகொண்டே முடித்துவிட்டு மூட்டை கட்டினான்.

இங்கே வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. வந்த பிறகுதான் சங்கத்தின் சட்டம் புரிந்தது. தூரத்தில் இருப்பவர் கலைஞர். பக்கத்தில் இருப்பவர் வாலண்டியர்.

இந்தத் தீபாவளி விழாவில் அவனுக்கு நான்கு பொறுப்புகள். நாற்காலி போடுவது, மைக் பார்ப்பது, டொரண்டோவிலிருந்து வரும் பாடகரை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவது, சாப்பாட்டு நேரத்தில் மூன்று நிமிஷம் பாடுவது. பாடினான். சரணத்தில் உச்சிக்குப் போய் நின்ற நேரத்தில், சாப்பாட்டுக் கமிட்டி தனபாக்கியம் ஆன்ட்டி இன்னொரு மைக்கில், "தயிர் சாதம் தீர்ந்துடுச்சு, எலுமிச்சை சாதம் வரிசைக்கு வந்துருங்க," என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து போனது. அவன் சரணத்தை முடித்தபோது எதிரே உட்கார்ந்திருந்தது தென்றல் மட்டும்தான். அவளும் தட்டோடுதான் இருந்தாள்.

"எனக்கு நாப்பத்தி ரெண்டு ஆச்சு தென்றல்," என்றான் காரில். "இன்னும் அஞ்சு வருஷம் போனா குரல் இறங்கிடும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நான் இருக்கற ஊர்ல, ஒரு முழுக் கச்சேரி பண்ணணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நீங்க இருக்கற ஊர்ல பண்ண மாட்டாங்க," என்றாள் தென்றல், பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்தபடி. "நீங்க இல்லாத ஊர்லதான் பண்ணுவாங்க."

அவள் அலுப்பில் சொன்னது அது. அவன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டான். 'அன்பு உள்ளங்களுக்கு, தவிர்க்க முடியாத காரணங்களால் நான் மட்டும் மெல்போர்ன் திரும்புகிறேன். தென்றல் வேலை காரணமாக இங்கேயே இருப்பார்.'

நான்கே நாளில் வாஞ்சிநாதன் வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

"என்ன தம்பி, போய்ச் சேர்ந்தாச்சா? இப்படி எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே. சரி, பொங்கல் விழாவுக்கு வர முடியுமா? மெயின் ஷோ உங்களுதுதான். ரெண்டு மணி நேரம், லைவ் ஆர்கெஸ்ட்ரா. டிக்கெட் நாங்க போட்டுடறோம்."

"டிக்கெட் வேண்டாம் சார். அது என் பங்களிப்பா இருக்கட்டும்," என்றான் ரஞ்சித், சான் ரமோன் வீட்டுச் சோபாவில் காலை நீட்டியபடி.

"பெரிய மனசு தம்பி," என்று வாஞ்சிநாதன் தழுதழுத்தார்.

அதன் பிறகு அவன் சோபாவில் காலை நீட்டவே இல்லை. விழாவுக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரமும் அவன் மெல்போர்னில் இருந்தாக வேண்டும். ஜன்னல் திரைகள் இறங்கின. அவன் பார்த்த டேட்டா வேலை வீட்டிலிருந்தே பார்ப்பது என்பதால் அது தப்பித்தது, மற்றதெல்லாம் போனது. இந்தியன் ஸ்டோர் கிடையாது. முடி வெட்ட வழியில்லை. சாதகம் பண்ணுவதற்கு வீட்டிலேயே ஒரு இடம்தான் தோதாக இருந்தது. ஹாலை ஒட்டிய லாண்டரி ரூமில் கதவைச் சாத்தி, துணி உலர்த்தும் டிரையரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு பாடினான். துவைக்கத் துணி தீர்ந்த பிறகு துவைத்த துணியையே திரும்பப் போட்டான்.

"என் ஸ்வெட்டர் எல்லாம் பொம்மைக்குப் போடற சைஸ்ல ஆயிடுச்சு," என்றாள் தென்றல்.

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கோ."

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாஞ்சிநாதனிடமிருந்து அழைப்பு வந்தது. மெல்போர்னில் அது ஞாயிறு காலை பதினொன்று. ரஞ்சித் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"குட் மார்னிங் சார்."

"குட் மார்னிங் தம்பி. அங்க நல்ல வெயிலோ?"

"கொளுத்துது சார்," என்றான், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

அப்போது வாசலில் பெல் அடித்தது. அவர்கள் வீட்டுப் பெல் குருவி மாதிரி கத்தும்.

"அது என்ன தம்பி சத்தம்?"

"குருவி சார். இங்க குருவி ஜாஸ்தி."

"கேக்கவே சுகமா இருக்கு. நான் இங்க பெல் அடிக்கவும் அங்க குருவி கத்தவும் சரியா இருந்துச்சு பாருங்க. உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். தனபாக்கியம் ஆன்ட்டியும் வந்திருக்காங்க. தென்றல் தனியா இருக்காளே, ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு."

ரஞ்சித் போனைக் காதிலிருந்து எடுக்காமலே லாண்டரி ரூமுக்குள் பாய்ந்தான். தென்றல் அவன் தட்டையும் செருப்பையும் சோபாவுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"தம்பி லைன்லதான் இருக்கார்மா. பேசு, பேசு," என்று வாஞ்சிநாதன் போனை அவள் கையில் கொடுத்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் இருபதடி தூரத்தில் இருந்தபடி மெல்போர்னுக்கும் சான் ரமோனுக்கும் பேசினார்கள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள் தென்றல்.

"ஆச்சு."

"என்ன சாப்ட்டீங்க?"

அவள் வைத்த ரசத்தைத்தான் சாப்பிட்டிருந்தான். "ரசம்," என்றான் ரகசியக் குரலில்.

"தெரியும், வச்சிடறேன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரே வீட்டில் முட்டிக்கொண்டிருக்கும் இருவருக்கு அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. ஆனால் தனபாக்கியம் ஆன்ட்டிக்கு அது வேறு மாதிரி கேட்டது. மூன்று வாரமாகப் பிரிந்திருக்கிற புருஷனிடம் மூன்றே வாக்கியம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆன்ட்டி எழுந்து வந்து தென்றலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எதையும் மனசுல வச்சுக்காத. நாங்க எல்லாம் இருக்கோம்," என்றார்.

திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரஞ்சித்குமார் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வாரமே டப்பா டப்பாவாகச் சாம்பாரும் கூட்டும் வரத் தொடங்கின. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் லாண்டரி ரூமில் நின்று கேட்டுவிட்டு, அவர்கள் போனதும் வந்து அந்தச் சாம்பாரையே சாப்பிட்டான். சாம்பார் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"சான் ஹோசேல யாரோ நல்ல லாயர் இருக்காராம். கூட்டு கொண்டுவந்த மாளவிகா நம்பர் குடுத்துட்டுப் போறா," என்றாள் தென்றல் ஒருநாள். "எனக்கே இப்ப ஒரு யோசனை வருது."

ஜனவரி முதல் வாரம் வாஞ்சிநாதன் அழைத்தார். இந்த முறை குட் மார்னிங் இல்லை.

"தம்பி, கமிட்டில ஒரு பேச்சு வந்திருக்கு. பொங்கல்ங்கறது குடும்ப விழா. குடும்பத்தை விட்டுட்டுப் போனவரை மேடைல ஏத்தி மாலை போடணுமான்னு கேக்கறாங்க."

"சார், நாங்க பிரியவே இல்ல சார்."

"அப்ப எதுக்குத் தம்பி போனீங்க?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று ரஞ்சித் போனை வைத்துவிட்டான். லாண்டரி ரூமுக்குப் போய் டிரையர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இத்தனைக்குப் பிறகும் மேடை கிடைக்காது என்றால், எதற்கு இத்தனை வாரம் ஒளிந்திருந்தோம் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதான்.

தென்றல் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் தயிர் சாதம் தீர்ந்த அன்று, காலி நாற்காலிகளைப் பார்த்து அவன் சரணத்தை ஒழுங்காக முடித்ததும் அவளுக்கு நினைவிருந்தது.

"நான் பேசறேன்," என்றாள்.

தனபாக்கியம் ஆன்ட்டி வீட்டுக்கே போய்ப் பேசினாள். லாண்டரி ரூமைத் தவிர மற்றதெல்லாம் உண்மையாகச் சொன்னாள்.

"எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்ல ஆன்ட்டி. அவருக்கு இந்த ஊர்ல பாட ஒரு மேடை இல்ல, அதான் போயிட்டார். வெளியூர்லேருந்து வந்தப்போ சால்வை போட்டீங்க. குடிவந்த பிறகு நாற்காலி போடச் சொன்னீங்க. மூணு நிமிஷம் பாடினார். அதுலயும் தயிர் சாதம் தீர்ந்துடுச்சுன்னு அனௌன்ஸ் பண்ணிட்டீங்க."

ஆன்ட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது நான்தான் கண்ணு," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு எழுந்தவர், ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் தானே பேசுவதாகச் சொன்னார்.

விவரத்தைக் கேட்டதும் ரஞ்சித்துக்கு உயிர் வந்தது. ஏர்போர்ட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பெட்டியைத் தயார் செய்தான். மெல்போர்னிலிருந்து விமானம் வரும் நேரத்துக்குப் போய், வெளியே வருகிற கூட்டத்தோடு கலந்து நின்றால் அவர்களே வந்து அழைத்துப் போவார்கள். மெல்போர்ன் வெயிலில் கறுத்த மாதிரி தெரிய வேண்டும் என்று கொல்லைப்புறத்தில் ஒருமணி நேரம் உட்கார்ந்து, ஜலதோஷம் பிடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் குருவி கத்தியது. அவன் லாண்டரி ரூமுக்குள் நுழைந்து, தும்மலை அடக்கத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டான். வாஞ்சிநாதனும் தனபாக்கியம் ஆன்ட்டியும் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் குரலிலும் சந்தோஷம் இருந்தது.

"நேத்து ஆன்ட்டி பேசினதுல அரங்கமே அழுதுடுச்சும்மா," என்றார் வாஞ்சிநாதன். "நம்ம ஊர்க் கலைஞரை நாமளே துரத்திட்டோம்னு எல்லாருக்கும் உறுத்தல். ஒரு மனசா தீர்மானம் போட்டோம். இனிமே வெளியூர் ஆர்டிஸ்டே கிடையாது. மெயின் ஷோ, ரெண்டு மணி நேரம், லைவ் ஆர்கெஸ்ட்ரா, எல்லாம் உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும். இந்தப் பொங்கல்லேருந்தே."

லாண்டரி ரூமில் ரஞ்சித்தின் கை கதவுப் பிடிக்குப் போனது. உள்ளூர்க்காரன். அவன்தான் அது. இந்த இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைத்தான் அவன் வெறுத்திருந்தான்.

"அப்ப, அவர் நாளைக்கே திரும்பி வந்துட்டா?" என்றாள் தென்றல், லாண்டரி ரூம் கதவைப் பார்க்காமல்.

"தாராளமா வரட்டும்மா. ஆனா இடையில யாரும் நுழையக் கூடாதுன்னு ரூல் வச்சிருக்கோம். ரெண்டு வருஷம் தொடர்ந்து இந்த ஊர்ல குடியிருந்திருக்கணும். தம்பி இனிமே வந்தா, வந்த நாள்லேருந்துதான் கணக்கு."

தொடர்ந்துதான் இருக்கிறான். ஒருநாள்கூட ஊரைத் தாண்டவில்லை. வெளியே போய் அதைச் சொன்னால் மேடை அவனுடையது. சொன்னால், பொதுக்குழுவில் அழுத அத்தனை பேருக்கும், வாரக்கணக்கில் சாம்பார் வைத்த அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குக் கூச்சமெல்லாம் விட்டுப்போயிற்று. போகட்டும், மானம்தானே என்று பிடியை மெதுவாகத் திருகினான்.

ஹாலில் தனபாக்கியம் ஆன்ட்டி தென்றலின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

"வருத்தப்படாத கண்ணு. அந்த மேடைக்கு 'ரஞ்சித்குமார் உள்ளூர்க் கலைஞர் மேடை'ன்னுதான் பேர் வச்சிருக்கோம், போர்டுகூட அடிச்சாச்சு. அவர் ஒருத்தர் போனதாலதானே இந்த ஊர்ல மத்த அத்தனை பேருக்கும் பாடக் கிடைக்குது."