பாலாற்று மணலில் துடுப்புப் போட்டவர்

பாலாற்றில் கடைசியாகப் படகு விட்ட ஆள் யார் என்று என்னைக் கேட்டால், ரிஜெக்ட் சார்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். அப்போது ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ ஃபேக்டரியில் அவர் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் இன்சார்ஜ். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஜோடியும் அவர் கையைத் தாண்டித்தான் அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டும். தையல் நூலளவு விலகியிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்" என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நான சர்டிஃபிகேட்டோடு நின்றுபோனது. ஊருக்கே அவர் ரிஜெக்ட் சார்தான்.

அந்த ஸ்டிக்கர்கள் வேலை நேரம் முடிந்தும் சட்டைப்பையில் இருக்கும். அதுதான் ஆபத்து. ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்ற மாப்பிள்ளையின் கோட்டில் பட்டன் ஒன்று தொங்கியது. வாழ்த்துவது போலப் போய் அங்கே ஓர் அம்பை ஒட்டிவிட்டு வந்தார். ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளை அந்த அம்போடுதான் சிரிக்கிறார்.

சும்மா உட்காரவும் அவருக்கு வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் நாற்காலி ஆடும், அப்புறம் மேஜையில் இருக்கும் டீ ஆடும். சர்ச்சில் அவர் உட்காரும் பெஞ்சு, பிரசங்கம் முடிவதற்குள் ஓர் அடி முன்னால் நகர்ந்திருக்கும். அவர் மனைவி வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நாங்கள் சிஸ்டர் அக்கா என்போம். "இவர ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்னா மூணு பேரு புடிக்கணும் தம்பி. நான் இருபத்தஞ்சு வருஷமா ஒண்டியாப் புடிச்சிக்கினு இருக்கிறேன்" என்பார் அக்கா.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். எங்கள் ஃபேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்திருந்த இத்தாலிக்காரர் ஒருவர் ஊர் திரும்பினார். போகும்போது, சனி ஞாயிறுகளில் பாண்டிச்சேரி பக்கம் போய் மீன் பிடிக்க வைத்திருந்த மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயாக்கை ரிஜெக்ட் சாருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு. "இந்த ஊர்ல கடல்ல முழுகாத ஒரே ஆளு நீதான்னு சொன்னான்யா" என்று சார் பெருமையாகச் சொன்னார். கடலுக்கும் ஆம்பூருக்கும் நடுவே அரை நாள் பிரயாணம் இருப்பதால், ஊரில் யாருமே முழுகியதில்லை என்று நான் சொல்லவில்லை.

படகோடு ஓர் இங்கிலீஷ் கையேடும் வந்தது. முதல்முறை கடலில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கான இருபத்திரண்டு விதிகள். சார் அதை எங்கள் இன்ஸ்பெக்ஷன் ஃபாரத்தில், ஓகே, நாட் ஓகே என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். முதல் விதி, தனியாகப் போகாதே. அதைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது எதிரே ஸ்டோர்ஸ் கிளார்க்கான நான் நின்றதுதான் என் கெட்ட நேரம்.

"இன்னாய்யா, ஞாயித்துக்கெழம சும்மாத்தானே இருக்கிற?"

"இல்ல சார், தூங்குவேன்."

"அதுக்குப் பேருதான் சும்மா இருக்கிறது. நீதான் செகண்ட் மேன்."

"சார், எனக்கு நீச்சல் வராது."

கொஞ்சம் யோசித்தார். "ஜாக்கெட் இருக்குது. மத்தது கத்துக்கலாம்."

"எதுக்கு சார் இந்த வேலையெல்லாம்?"

"ஒரே ஒரு மீன்யா. என் கையால புடிக்கணும். முப்பது வருஷமா அடுத்தவன் செஞ்சத நொட்ட சொல்லியே காலம் ஓடிப்போச்சி." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

இரண்டாம் விதி, லைஃப் ஜாக்கெட்டை எப்போதும் கழற்றாதே. கடலில் என்றுதான் கையேட்டில் இருந்தது. சார் பழக்கம் வர வேண்டும் என்று மொபெட்டில் போட்டார், கேன்டீனில் போட்டார், மச்சினி வீட்டுக்கு ஜோலார்பேட்டை போனபோது ரயிலிலும் போட்டுக்கொண்டார். எதிர் சீட்டுக்காரர் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டையும் ஆடும் காலையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், முன்னாடி பாலத்துல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். "இது ஒரு முன்ஜாக்கிரத தான்" என்றார் சார். அந்த மனிதர் அடுத்த ஸ்டேஷனிலேயே மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்.

துடுப்புப் பழக பாலாற்று மணலில் படகை இறக்கினோம். மணலில் உட்கார்ந்துகொண்டு, "லெஃப்ட், ரைட்" என்று அவர் பின்னாலிருந்து கத்த, நான் முன்னால் காற்றைக் கிழித்தேன். பத்து நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஆடு மேய்க்க வந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சார், தண்ணி எங்க?"

"தண்ணி அப்புறம் வரும். மொதல்ல பழக்கம்."

"எனக்கும் அறுவது வயசாச்சி. வரும்னுதான் நானும் பாக்கிறேன்" என்றார் அவர்.

படகு கவிழ்ந்தால் திரும்ப ஏறத் தெரியாதவன் கடலுக்குள் போகக் கூடாது. இது மூன்றாம் விதி. அதற்கு ஆழமான தண்ணீர் வேண்டும். ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த ஒரு விவசாயியின் கிணற்றுக்குள் ஆறு பேர் கயிறு கட்டி அந்தப் படகை இறக்கினார்கள். "சார், இந்தக் கெணத்துல தவளதான் கெடைக்கும்" என்று அந்த மனிதர் நியாயமாகவே எச்சரித்தார். சார் அன்றைக்கு என்னை இருபது தடவை தண்ணீரில் தள்ளியிருப்பார். "மொதல்ல வயிறு, அப்புறம் குண்டி, கடைசியாதான் காலு! இன்னொரு வாட்டி ஏறு!" என்ற சத்தம் கிணற்றுக்குள் எதிரொலித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து, கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏற எனக்கு வந்துவிட்டது. நீச்சல் வரவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றினால் கல்லாட்டம் இறங்கினேன்.

பிறகுதான் நிஜப் பேஜார் ஆரம்பித்தது. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தெரிந்தவர் டெம்போவில் படகை ஏற்றிக்கொண்டு மரக்காணம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போவோம். அங்கே தேசப்பன் என்று ஒரு மீனவர் பழக்கம். கரையில் விவரம் தெரிந்த ஒருவரிடம் போகும் நேரம், வரும் நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும் ஒரு விதி. ஞாயிறு விடிந்ததும் சார் ஒவ்வொரு முறையும் தேசப்பனிடம், "ஏழரைக்குள்ள நாங்க கரைக்கு வரலன்னா நீ பொறப்பட்டு வரணும், உஷாரா இரு" என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்து நிற்பார். காற்று ஜாஸ்தி, ரிஜெக்ட். அலை ஒழுங்காக இல்லை, ரிஜெக்ட். ஒருநாள் கடல் தட்டு மாதிரி கிடந்தது. "இவ்ளோ அமைதியா இருந்தா எதுவோ சரியில்ல" என்று அதையும் தள்ளினார். தேசப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாரு, நம்மகிட்ட இந்த ஒரு கடலுதான் கீது. வேற ஸ்டாக் இல்ல" என்றார்.

ஃபேக்டரியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. போகவும் மாட்டார், விடவும் மாட்டார், நான் புது மனைவியை விட்டுவிட்டு உப்புக் காற்றில் நின்றுகொண்டிருப்பேன்.

இத்தனையையும் ரிஜெக்ட் செய்தவர் ஒன்றே ஒன்றைத்தான் பாஸ் செய்தார். கை நழுவினால் துடுப்பு மிதந்து போகாமல் இருக்க அதைப் படகோடு கட்டி வைக்க வேண்டும். தேசப்பன் நைலான் கயிறு கொடுத்தார். "நைலானா? நாங்க தோலுக்காரங்கய்யா" என்று சொல்லிவிட்டு, முதல் தரத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, பெல்ட் மாதிரி பக்கிள் வைத்து, தன் கையாலேயே இரண்டு வார் தைத்தார் சார். ஃபேக்டரியே இழுத்துப் பார்த்து அசந்தது. தேசப்பன் மட்டும் தடவிப் பார்த்து, "தோலு தண்ணில ஊறும் சாரு" என்றார். "நீ மீனப் பாரு, தோல நாங்க பாத்துக்கிறோம்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சாரைக் கூப்பிட வீட்டுக்குப் போனபோது சிஸ்டர் அக்கா வாசலில் அவரை மறித்தார்.

"இன்னாங்க, மீன் வராட்டிப் பரவால்ல. இந்தத் தம்பி முழுசா வரணும். அது பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"தெரியும்" என்றார் சார். அவ்வளவுதான். கிண்டல், கேலி ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கடலைப் பார்த்தார். "ஏறு" என்றார். நம்ப முடியாமல் முன் சீட்டில் ஏறினேன். இரண்டு அலை முகத்தில் அடித்தது. மூன்றாவதைத் தாண்டியதும் திடீரென்று எல்லாம் சாந்தமாகிவிட்டது. கரையில் தேசப்பன் விரல் அளவுக்குத் தெரிந்தபோது சார் தூண்டிலைப் போட்டார்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூண்டில் வளைந்தது. "பாஸ்! பாஸ்!" என்று கத்தினார். முப்பது வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்காத வார்த்தை அது. கையேட்டில் சொன்னபடியே துடுப்புகளை அப்படியே தண்ணீரில் விட்டோம். வார் கட்டியிருக்கிறதே என்ற தைரியம். துடுப்பு விலகிப் போவதைப் பார்த்து நான் என் வாரைப் பிடித்து இழுத்தேன். வார் மட்டும் என் கைக்கு வந்தது. ஊறி, நெகிழ்ந்து, பக்கிள் ஓட்டை வாயைப் பிளந்திருந்தது. அவருடையதும் அப்படியே. மூன்று தலைமுறையாகத் தோலை ஊறப்போட்டுச் சோறு தின்ற ஊர் நாங்கள். ஊறினால் தோல் இளகும் என்பது எங்கள் ஃபேக்டரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன் பிடிக்கிறவருக்குத் தோன்றியது.

காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசிக்கொண்டிருந்தது. துடுப்புகள் பத்தடி தள்ளிப் போயின, பிறகு இருபதடி. ஜாக்கெட் தாங்கும், போய்ப் பிடித்துவிடலாம் என்று நான் ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டேன்.

"படக விட்டு எறங்காத!"

பின்னாலிருந்து என் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்தார். திரும்பிப் பார்த்தேன். இன்னொரு கையில், கையேட்டு விதிப்படி ஜாக்கெட்டில் கட்டி வைத்திருந்த கத்தரிக்கோல். முழங்காலிடுக்கில் வளைந்து துடித்துக்கொண்டிருந்த தூண்டிலின் நூலை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிறகு அதே ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார்.

கரை சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதுதான் கவனித்தேன், படகு ஆடவில்லை. சாருடைய கால் ஆடவில்லை. ஆடினால் கவிழும் என்று தெரிந்து, பிறந்ததிலிருந்து சும்மா உட்காராத மனுஷர் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"சார், பயமா கீது."

"எனக்கும்தான். ஆடாம உக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து, "மீனு போச்சே சார்" என்றேன்.

"எந்த மீனு?" என்றார்.

நாற்பது நிமிஷம் அப்படியே போனது. ஏழரை தாண்டியிருக்கும், தேசப்பனின் ஃபைபர் போட் சத்தம் கேட்டது. வரும் வழியில் எங்கள் துடுப்புகளையும் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். நைலான் கயிறுதான்.

அதற்கப்புறமும் பலமுறை போனோம். மீனும் பிடித்தார், வால் கொஞ்சம் கோணல் என்று அதிலும் குறை சொன்னார். ஆனால் ரிஜெக்ட் சார் என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குக் கரை சேர்ந்த நேரம்தான் ஞாபகம் வருகிறது. படகு மணலில் முட்டி நின்றுவிட்டது. அவர் கை என் ஜாக்கெட்டை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. தேசப்பன் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்.

"விடு சாரு. கர வந்துடுச்சி."

"அவனுக்கு நீச்சல் வராதுய்யா" என்றார் சார்.

கரை வந்துவிட்டது எனக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது. நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.