வேப்பேரி வீட்டில் செத்த எலி

ஆம்பூர்க்காரனுக்கு மூக்கு எதற்கென்றால், கண்ணாடி மாட்டிக்கொள்ள. வேறு உபயோகம் கிடையாது. தோல் மண்டிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு இந்த உண்மை பட்டணத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. (தெரிந்துகொண்ட விதம் என் விரோதிக்கும் வேண்டாம்.)

அப்போது மண்டியில் நான் புதுசு. பட்டணத்துக் கம்பெனி துரையிடம் மாதிரித் தோல்களைக் காட்டி ஆர்டர் வாங்க வேண்டும். முதலாளி பாய் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தேவராஜு, ஆர்டரோட வந்தா வேலை உனக்கு. சும்மா வந்தா ஸ்டேஷன்லேர்ந்து நேரா உங்க வூட்டுக்குப் போய்டு. அப்புறம், சத்திரத்துல தங்காதே. துரை நம்மள கம்மியா நினைப்பான்."

அதனால் வேப்பேரியில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாளின் மாடி வீட்டில் அறை எடுத்தேன். விதவை. காலைச் சாப்பாட்டோடு அறைகளை வாடகைக்கு விட்டுவந்தாள். பளபளவென்று மரப்படி, லேஸ் திரை, கூடத்தில் பியானோ, ஆளை விழுங்கும் மெத்தை. தோல் கட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ராஜா மாதிரி தூங்கினேன். (ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு! தோல் திருடு போனால்? என் பிழைப்பே அந்தத் தோலில்தானே இருந்தது.)

காலையில், குட்டிக் கோப்பையில் நிறுத்தி வைத்திருந்த முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"பட்லர்! வீட்ல ஏதோ செத்துப் போச்சு!"

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களே!

"ஆமாங்க மேடம், பயங்கர நாத்தம். எலிதான். பெருசு," என்றேன்.

வாயை மூடிக்கொண்டு முட்டையைத் தின்றிருக்கலாம். தேடுகிற வேலைக்கு நானே தலைவனாகிவிட்டேன். பியானோவை நகர்த்தினோம். அலமாரிக்குப் பின்னால் குச்சியை விட்டுக் குடைந்தோம். நான் போகிற இடத்திலெல்லாம் நாற்றம் ஜாஸ்தியாவதாக அம்மாள் சொன்னாள்.

"கிட்ட நெருங்கிட்டோம் மேடம்!" என்று உற்சாகப்படுத்தினேன்.

இதற்குள் துரையைப் பார்க்க நேரமாகிவிட்டது. தோல் கட்டை எடுக்க மாடிக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் வெறும் தரை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால், கீழே கிணற்றடியில் பட்லர் சாமிக்கண்ணு என் தோல் கட்டின் மேல் கிருஷ்ணாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மாள். கையில் தீப்பெட்டி.

மரப்படியில் கால் பட்டதா என்றுகூட நினைவில்லை.

"கொளுத்தாதீங்க! அது எலி இல்லே!"

"எலி இல்லேன்னு எங்களுக்கும் தெரியுது சார். இன்னான்னுதான் தெரியலே," என்றார் சாமிக்கண்ணு.

அம்மாள் குச்சியை உரசினாள். என்னுடையது என்று சொன்னால், காலையிலிருந்து தேடிய எலி நானே என்றாகிவிடும். சொல்லாவிட்டால் வேலை சாம்பல். குச்சி கீழே இறங்கியது. பயத்தில் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னுதுங்க மேடம்! என் பொழப்பு!"

அம்மாள் என்னையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். (என்னையும் சேர்த்துக் கொளுத்தலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.) விரலைச் சுட்ட பிறகுதான் குச்சியைக் கிணற்றடி ஈரத்தில் எறிந்தாள். அடுத்த நிமிஷம் நான் தெருவில் நின்றேன். முட்டை உடையாமலே மேசையில் நின்றது.

கம்பெனியில் துரை தோலை முகர்ந்து முகம் சுளித்தார். கிருஷ்ணாயில் எதற்கு என்றார்.

"பூச்சி அண்டாதுங்க," என்று உளறினேன். என் கால்சட்டையிலும் அதே வாசனை அடித்ததால் நம்பிவிட்டார் போலிருக்கிறது. மொத்தச் சரக்கையும் அப்படியே பூசி அனுப்பச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்.

"இது இன்னா பேஜாருடா!" என்று முதலாளி தலையில் கை வைத்தார். ஆனாலும் வேலை நிலைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் கல்யாணம், பிள்ளைகள், வீடு எல்லாம்.

அப்படிக் கட்டிய என் வீட்டில் இன்றைக்கு நிஜமாகவே எலி செத்தாலும், தேடுகிற கூட்டத்தில் பெண்டாட்டி பிள்ளைகள் என்னைச் சேர்ப்பதில்லை. என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டு, முதலில் என் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார்கள்.