இரண்டாம் நம்பருக்கு நான் எழுதிய குறிப்பு

சில வார்த்தைகளைச் சொல்ல எனக்கு வாய் வராது. அரிசி தீர்ந்துபோனால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்லுவேன். (அதை நம்பி என் மகன் செல்வம் வெறுங்கையோடு வந்த நாட்களும் உண்டு.) இந்தக் குணத்தால் ஒரு நல்ல மனிதரின் பிறந்தநாளையே பாழாக்கப் பார்த்தேன்.

எங்களுக்குப் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் பூக்கடை. ஊரில் எல்லாரும் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அங்கேதான். அந்தப் பக்கம் கடை வைத்தால் கல்யாண மாலையும் போகும், மற்றதும் போகும். போனில் வரும் ஆர்டரைத் தானே படித்து எடுத்துக்கொள்ள என் மருமகள் ரேவதி ஒரு ஏஐ ஏற்பாடு செய்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. செல்வத்துக்கு மட்டும் அதில் நம்பிக்கை இல்லை.

"ஒரே ஒரு ஆர்டர் தப்பாப் போவட்டும், அன்னிக்கே தூக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டான்.

ரேவதி என்னிடம் வந்தாள். "அத்த, அதுகிட்ட ரெண்டு கருவி குடுத்திருக்கேன். ஒண்ணாம் நம்பரை எடுத்தா மாலை கட்டச் சொல்லி சீட்டு போவும். ரெண்டாம் நம்பரை எடுத்தா மலர் வளையம். எதை எப்ப எடுக்கணும்னு நாம எழுதி வெக்கிறதப் படிச்சிதான் அதுக்குத் தெரியும். கடையில ரொம்ப நாளா இருக்கறது நீங்கதான். எழுதிக் குடுங்க."

"நான் அஞ்சாவது படிச்சவ. இன்னாத்த எழுதறது?"

"புதுசா வேலைக்கு வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அதுக்கு நம்ம ஊரு பழக்கம் எதுவும் தெரியாது. எதுக்கு எடுக்கக் கூடாதுன்னும் சேத்து எழுதிடுங்க."

ஒன்றாம் நம்பருக்குக் கல்யாணம், நிச்சயம், சாமிக்கு, கடை திறப்புக்கு என்று தாள் நிறைய எழுதினேன். இரண்டாம் நம்பருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு. கல்யாணம் என்று எழுதிய அதே தாளில் அந்த வார்த்தையை எப்படி எழுதுவது? யோசித்து யோசித்து, 'வயதான பெரியவர்களுக்கு மரியாதை செய்ய. பெரிதாக இருக்கும்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ரேவதிக்கு அன்று ஆபீசில் அவசர வேலை. சரிபார்க்காமல் அப்படியே டைப் செய்து போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு ஆர்டர். அங்கே ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு எண்பதாவது பிறந்தநாள். அவர் மகள் போனில், 'எங்க அப்பா வயசான பெரியவர். மரியாதையா, நல்லா பெரிசா அனுப்புங்க' என்று எழுதியிருந்தார். ஏஐ என் குறிப்பைப் படித்தது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை அது! வளையத்துக்கான சீட்டை, கட்டுகிற ஏழுமலைக்கு அனுப்பிவிட்டது. அவரும் விலாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். (வளையம் எதற்கு என்று யாராவது கேட்பார்களா?)

பெண்களுக்கு வைக்க மல்லிகைச் சரம் தனியாகக் கேட்டிருந்தார்கள். அதைக் கொடுக்க நான் போயிருந்தேன். ஐயா கோட்டுப் போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு, கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்போது ஏழுமலை ஆட்டோவிலிருந்து இறங்கினார். தலைக்கு மேல் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு வளையம். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே போய் அதை ஐயாவின் காலடியில் சாய்த்தார். கும்பிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்தார். ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாவின் மகள் செல்வத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். ஸ்பீக்கரில் செல்வத்தின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்குங்கக்கா, எல்லாம் அந்த ஏஐ பண்ணது. எங்க வீட்ல சொன்னா கேக்கறது இல்ல. இன்னியோட அதைத் தூக்கிடறேன்."

ரேவதியின் மூன்று மாத உழைப்பு என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நானோ நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவே கூசுகிறவள்.

"ரேவதி மேல தப்பு இல்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அதனால் இரண்டாம் முறை கத்திவிட்டேன். "நான்தான் எழுதினேன்! சாவுக்குன்னு எழுதல! சாவுக்குத்தான் வளையம், சாவுக்கு மட்டுந்தான்னு எழுதி இருக்கணும்!"

தாளில் ஒரு தரம் எழுதக் கூசிய வார்த்தையை, கேக்குக்கு முன்னால் மூன்று தரம் சொன்னேன்.

ஐயா குனிந்து வளையத்தைத் தடவினார்.

"என்கூட இருந்த பசங்க எத்தினி பேருக்கு இத வெச்சிருக்கேன்! ஒருத்தனாவது கண்ணால பாத்தானா? நான் பாத்துட்டேன். நல்லாத்தாம்மா கட்டி இருக்காரு. உக்காரு, கேக்கு சாப்புடு."

ஏஐயை செல்வம் தூக்கவில்லை. என்னை உட்காரவைத்து ரேவதி மறுபடி எழுதச் சொன்னாள். இந்த முறை எழுதினேன்: 'இறந்தவர்களுக்கு மட்டும். உயிரோடு இருப்பவருக்கு எத்தனை வயதானாலும் கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்.'

இந்த வருஷம் பிறந்தநாளுக்கு ஐயாவே செய்தி அனுப்பியிருந்தார்: 'மாலை ஒண்ணு. எனக்குத்தான். உயிரோட இருக்கேன்.'

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. செல்வம் கடையிலிருந்து போனில் கூப்பிடும்போது யார் என்று நான் கேட்டுவிட்டால் போச்சு.

"உன் புள்ளதாம்மா, உயிரோடதான் இருக்கேன். மாலையே அனுப்பு" என்கிறான்.